வலிச்சா கையைத் தூக்குங்க

"காது டாக்டர் மாடியில இருக்காருங்க. இது பல் ஆஸ்பத்திரி" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றவருக்கு அது கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிதான் பதில் சொன்னாள். "பல்லுக்குத்தாம்மா வந்திருக்கோம். பஞ்சு வேற விஷயத்துக்கு. அந்த டிவியக் கொஞ்சம் அணைச்சிடறியா?"

டிவியில் 'ஏழு பூட்டு' தொடரைப் பற்றி நாலு பேர் கூடி அலசிக்கொண்டிருந்தார்கள். நேற்றுதான் அதன் கடைசிப் பகுதி வந்திருந்தது. ஊரில் வேறு பேச்சே இல்லை.

அவருடைய கஷ்டமே அதுதான். 'ஏழு பூட்டு' முதலில் நாவலாக வந்தது. ஆறு பாகம் வெளியாகி, ஏழாம் பாகம் ஆறு வருடமாக வராமல் இழுத்தடிக்க, டிவிக்காரர்கள் பொறுமை இழந்து தாங்களே ஒரு முடிவைக் கட்டி ஒளிபரப்பிவிட்டார்கள். ஏழாம் பாகம் அச்சில் வரும்வரை அந்த முடிவு தன் காதில் விழவே கூடாது என்பது அவருடைய வைராக்கியம். விழுந்துவிட்டால் ஆறு வருடமும் வீண்.

மூன்று மாதமாகப் பேப்பர் கிடையாது, போன் கிடையாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போகாமல் தலை காடாக வளர்ந்திருந்தது. சாப்பிடும்போது மகள் "நேத்து சீரியல்ல..." என்று வாயெடுத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். கடைவாய்ப்பல் விரிசல் விடும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பல்வலிக்கு வைராக்கியம் தெரியுமா என்ன?

"இவரு முன்னாடி அந்த சீரியலப் பத்தி மட்டும் பேச வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடும்மா" என்றாள் மனைவி.

"சொல்லிடறேங்க" என்று தலையாட்டிய பெண், அடுத்த போன் வந்ததும் அதை மறந்துபோனாள்.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் நோயாளிக்குப் பயம் தெரியாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே வேலை செய்வது அவர் வழக்கம். முதல் காரியமாகக் காதுப் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"நான் சொல்றது உங்களுக்குக் கேக்கணுமில்ல சார்? ம், வாயத் திறங்க." உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "பேனாவக் கடிக்கிற பழக்கம் உண்டா? முன்பல்லெல்லாம் தேஞ்சு கிடக்கே."

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"கணக்கு வாத்தியாரா இருப்பாரு சார்" என்றாள் உதவியாளப் பெண், குழாயைச் சொருகியபடி.

அவர் மறுத்து ஏதோ சொல்ல வருவதற்குள் முதல் ஊசி இறங்கிவிட்டது. வாய் மூடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டையும் வந்து உட்கார்ந்துகொண்டது. "இனிமே பேச முடியாது. வலிச்சா இடது கையத் தூக்குங்க. இன்னொரு ஊசி போட்டுடலாம்" என்றார் டாக்டர். அப்படியே உதவியாளப் பெண் பக்கம் திரும்பி, "நேத்து 'ஏழு பூட்டு' பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

அவருடைய இடது கை சட்டென்று உயர்ந்தது.

"வலிக்குதா? இதோ." இரண்டாவது ஊசி. நாக்கில் பாதி இருக்குமிடம் தெரியாமல் போயிற்று.

"பாக்காம இருப்பேனா சார்? அந்தக் குருட்டுக் காவக்காரன்தான் செத்துப்போன ராஜான்னு நான் நினைக்கவே இல்ல."

இப்போது இரண்டு கையும் உயர்ந்தன. கூடவே கால்களும் உதைத்துக்கொண்டன.

"பாவம், ரொம்பக் கூச்சம் போல" என்று டாக்டர் மூன்றாவது ஊசியையும் போட்டார். அதன் பிறகு அவருக்குக் கழுத்துக்கு மேலே காதும் கண்ணும் மட்டும்தான் வேலை செய்தன.

"முதல் பாகத்துலயே அதுக்குக் குறிப்பு இருந்துதும்மா, நாமதான் கவனிக்கல. ஏழாவது பூட்டத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல பாரு, வெறும் ரூம். இதுக்கா இத்தன கொலைன்னு அவன் சிரிச்சான் பாரு, எனக்குத் தொண்டைய அடைச்சிடுச்சு."

"அந்த எழுத்தாளர் ஆறு வருஷமா என்னத்தக் கிழிச்சாராம் சார்? இனிமே அவரு எழுதினாலும் டிவியப் பாத்துக் காப்பியடிச்சதுன்னுதான் சொல்லுவாங்க."

"பின்ன? நானே சொல்லுவேன்" என்று சிரித்தார் டாக்டர்.

அவர் கையைத் தூக்குவதை விட்டுவிட்டார். கண்ணிலிருந்து வழிந்த நீர், பஞ்சில்லாத காதுக்குள் இறங்கியது. டாக்டர் பயந்துபோய் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"மூணு ஊசி போட்டாச்சும்மா. அப்பவும் அழறாரு."

மனைவி கணவனின் முகத்தைப் பார்த்தாள். கூடையில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். "சீரியலப் பத்திப் பேசினீங்களா?"

"ஐயையோ, அதுக்கா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? காவக்காரன்தான் ராஜான்னும், ஏழாவது ரூம் காலின்னும் சொல்லிட்டோமேம்மா." டாக்டருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "விடுங்க சார். புக்குல முடிவு வேற மாதிரிதான் இருக்கும்."

மனைவி பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் சாவிய மக கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டானா?"

"ஆமாம்மா, அதேதான். நீங்களும் பாத்துட்டீங்களா?"

"நான் பாக்கல டாக்டர். நேத்து இவரு எழுதி முடிச்சத டைப் பண்ணேன்."