போர்த்தி வைத்த கேமரா

“நியுர்குன், என் நரித்தோல் கோட்டைப் பாத்தியா? கல்யாணத்துக்கு நேரமாச்சு!” அலமாரியில் இருந்ததையெல்லாம் தரையில் கொட்டியிருந்தாள் சர்தானா.

“ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல உனக்கு! என் கேமராவைப் பாரு. வீட்டுக்குள்ள கொண்டுவந்தா லென்ஸ் வேர்த்துடும்னு ராத்திரி பூரா கார்லயே விட்டிருக்கேன். யாகுட்ஸ்க் குளிர், மைனஸ் ஐம்பது! அதுக்கு ஏதாவது ஆகுமா? அப்படிப் போத்தி வெச்சிருக்கேன். நீ தேடிக்கிட்டே இரு, காரைப் பாத்துட்டு இதோ வந்துடறேன்.”

அவசரமாகப் படியிறங்கினான் நியுர்குன்.

பத்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். சர்தானா கைபேசியில் அழைத்தாள்.

“கீழ என்ன பண்றே?”

“எவனோ கார் கண்ணாடியை உடைச்சுட்டான்.”

“ஐயையோ, கேமரா?”

“இருக்கு.”

“அப்பாடா! அப்புறம் என்னதான் போச்சு?”

“அதுக்குப் போத்தியிருந்தது மட்டும்.”

“ஏதாவது கந்தல் போர்வையா இருக்கும், போனாப் போகுது. மேல வந்து என் கோட்டைத் தேடு.”

இருக்கையில் கேமரா வெறும் உடம்போடு உறைந்து கிடந்தது. அதன் பக்கத்தில், நரிமயிர் ஒட்டிய ஒற்றைப் பொத்தான்.

“சர்தானா,” என்றான், “நீ முதல்ல உக்காரு.”