காப்பாட்சியரின் மேசை

அருங்காட்சியகக் காப்பாட்சியர் தினமும் காலையில் வந்ததும் அந்துப்பூச்சிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். உயிருள்ள மரத்தைக் குடைந்து புழுவாய் வளரும் தச்சு அந்துப்பூச்சிகள் அங்கே இனம்வாரியாக, வகுப்பறைப் பிள்ளைகளைப் போல வரிசையாக இருந்தன. கடைசிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு பெண்பூச்சி ஊசியில் குத்தப்பட்டிருந்தது. அது செத்துப் பல ஆண்டுகள் ஆகியும், தினமும் அதன் அடியில் புதிய முட்டைகள் ஈரத்தோடு கிடக்கும். அவர் அவற்றைத் தூரிகையால் கூட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்.

அது தனி இனம் என்று உதவியாளர் அம்மாள், பூச்சி பிடிபட்ட அன்றைக்கே சிறகின் கோடுகளைக் காட்டி மன்றாடியிருந்தார். சாதாரண வகைதான் என்று காப்பாட்சியர் அறிக்கையில் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தை நம்பி, அது வாழ்ந்த ஒரே தோப்பை வெட்டிவிட்டார்கள். அந்தத் தோப்பின் மரத்தில் செய்த மேசையொன்று அவருக்கு அன்பளிப்பாக வந்தது.

ஒரு நாள் அவர் முட்டைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது உதவியாளர் வந்தார்.

"இன்னைக்கும் முட்டை போட்டிருக்கா, சார்?"

"போட்டிருக்கும்மா. நீங்க சொன்னதுதான் சரி. தனி இனம்னு மாத்தி எழுதிடறேன்."

"எழுதுங்க. புழு பேரைத் தின்னு வளருமா? அதுக்குப் பச்சை மரம் வேணும். எங்க போவீங்க?"

அவர் பெயர்ச்சீட்டை மாற்றினார். முட்டைகளைத் தூரிகையில் ஏந்திவந்து தம் மேசையின் விரிசலில் வைத்தார். பிறகு குவளையில் தண்ணீர் எடுத்து வந்து, தரையில் அமர்ந்து, மேசைக் கால்களுக்கு ஊற்றத் தொடங்கினார்.