பதினோராம் நம்பர்

செருப்புக் கடையில் வேலை பார்த்த அண்ணனுக்கு வயது இருபத்தாறு, தங்கைக்கு ஏழு. பள்ளி திறக்குமுன் வருடாவருடம் அவள் காலை அளந்து ஷூ எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். போன வருடம் பன்னிரண்டாம் நம்பர். இந்த வருடம் அளவுப் பலகை பதினொன்று காட்டியது. மூன்று முறை அளந்தான். பலகையை மாற்றியும் பார்த்தான். பதினொன்றேதான்.

"பாப்பா, விரலை மடக்காம நல்லா ஊனி நில்லு."

"ஊனிதாண்ணா நிக்கறேன்." அவள் குனிந்து அவன் காதோடு சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லாதே. பயந்துடுவாங்க."

அவன் பலகையைக் கீழே வைத்தான். "எப்பலேருந்துடி இப்படி?"

"புதுசா முளைச்ச பல்லு திரும்ப உள்ள போச்சே, அப்பலேருந்து."

பதின்மூன்றாம் நம்பர் ஷூவை எடுத்து, நுனியில் பஞ்சு அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். "பொண்ணு மளமளன்னு வளர்றா," என்று அம்மா பூரித்துப்போனாள். அதன்பிறகு வாராவாரம், யாரும் பார்க்காதபோது, கூடக் கொஞ்சம் பஞ்சு வைத்தான். கடையில் அவள் காலுக்குச் சரியான நம்பர் ஒவ்வொன்றாகக் குறைந்து, கைக்குழந்தை ஷூக்கள் இருக்கும் கீழ்த்தட்டுவரை வந்துவிட்டது.

இன்று காலை லேஸ் கட்டி முடித்து, "எழுந்திரு, பஸ் வந்துடும்," என்றான். அவள் எழவில்லை. இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டி, "தூக்கு," என்றாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.