நீர்நாய்க்கு எதுக்குச் சட்டை?

"நிறுத்து, நிறுத்து! இந்த நீர்நாய் ஏன் சட்டை போட்டிருக்கு?"

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் நாலாவது கேள்வி.

மகள் பெருமூச்சு விட்டு, ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக், அதாவது அவள் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அது நிஜ நீர்நாய் இல்ல. அவர்தான் அந்த போஸ்ட் மாஸ்டர். சாபத்துல அப்படி ஆயிட்டாரு. இப்பதானே கீழே எழுத்துல போட்டாங்க?" என்றாள் மகள்.

"படிக்கறதுக்குள்ள ஓடிப்போச்சும்மா."

சொன்னது யார்? மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் கடைசி வரிப் பொடி எழுத்தைக் காட்டி 'படிங்க' என்று உயிரை எடுக்கிறவள். மெக்கானிக்கின் இரண்டாவது மனைவி.

அந்த வீட்டில் சனிக்கிழமை மாலை நாலு மணி என்றால் ஜப்பானிய அனிமேஷன் படம்தான். மகள் தொடங்கி வைத்த பழக்கம். 'பொம்மைப் படம் பார்க்க நான் என்ன குழந்தையா?' என்று முதலில் முறுக்கிக்கொண்டவர், இரண்டாவது படத்திலேயே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். மகளைப் பெற்றவள் இறந்தபிறகு நாலு வருடம் அப்பாவும் பெண்ணுமாகப் பார்த்தார்கள். எட்டு மாதமாகத்தான் மூன்றாவது ஆள்.

இந்த எட்டு மாதத்தில் மகள் அவளை அம்மா என்றும் சொல்லவில்லை, ஆன்ட்டி என்றும் சொல்லவில்லை. கூப்பிடாமலே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கின் கவலையே அதுதான். இருக்கிற ஒரு சனிக்கிழமையையும் இவள் கேள்வி கேட்டே கெடுத்தால் பெண் எப்படி ஒட்டுவாள்?

அன்று மொத்தம் பதினேழு கேள்விகள். ஒன்றரை மணி நேரப் படம் மூன்று மணி நேரம் ஓடியது.

வியாழக்கிழமை மதியம் மெக்கானிக் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். 'இந்த வாரம் தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்துடு. நாங்க ரெண்டு பேர் மட்டும் பார்க்கிறோம்' என்று நயமாகச் சொல்லிவிடுவதாகத் திட்டம். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சாப்பாட்டு நேரம். கண்ணு டெஸ்ட் பண்ற ரூம்ல இருக்காங்க" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

திரையை விலக்கினார். கண் பார்க்கும் கருவிமேல் செல்போன் சாய்ந்து நின்றது. அதில் வரும் சனிக்கிழமைக்காக மகள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த படம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் பேனா. மடியில் கண் பவர் எழுதும் கடைச் சீட்டு.

'ஒன்று: மேகத்துக்குக் குடை எதுக்கு? இரண்டு: அந்தப் பையன் ஏன் தலைகீழா நடக்கிறான்?'

"என்னது இது?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமைக்குக் கேள்வி தயார் பண்றேங்க."

"அப்ப உனக்குப் படம் புரியுதா?"

"ரெண்டு தடவை பார்த்தா புரியாதா? முதல்ல ஒரு வாரம் நிஜமாவே புரியல. கேட்டேன். இருபது நிமிஷம் நிறுத்தாம பேசினா. அதுக்கு முந்தின ஒரு மாசத்துல அவ என்கிட்ட பேசினது 'ஷாம்பு தீர்ந்துபோச்சு' ஒண்ணுதான். எனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் அவ எதுக்குங்க என்கிட்ட பேசப் போறா?"

தயார் செய்து வந்த தலைவலி அங்கேயே தீர்ந்துபோயிற்று. மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் வயிற்றில் ரகசியம் தங்கியதாகச் சரித்திரமே இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்.

சனிக்கிழமை வந்தது. ஆறாவது கேள்வி கேட்டு முடிப்பதற்குள் மாடியில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம். மோட்டாரை நிறுத்த மனைவி பின்பக்கம் ஓடினாள். மகள் வழக்கம்போலப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் மெக்கானிக்கின் சத்தியம் பறந்துபோய்விட்டது.

"சலிச்சுக்காதே! பாவம் அவ. இந்தப் படத்தை ஏற்கனவே பார்த்துட்டா. உன்கூட நாலு வார்த்தை பேசணும்னுதான்…"

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"படம் பார்க்கிற ஆப்புல நம்ம மூணு பேருக்கும் ஒரே அக்கவுன்ட்தானே? போன்ல பார்த்தாலும் டிவியில 'பார்த்தாச்சு'ன்னு காட்டும். வாராவாரம் வெள்ளிக்கிழமை நான்தான் அதை அழிக்கிறேன். உங்க கண்ணுல பட்டா அவங்களைக் கேலி பண்ணிடுவீங்க."

"எல்லாம் தெரிஞ்சவளுக்கா மூணு மணி நேரம் விளக்கம் சொல்றே?"

"போன வாரம் நீங்க போன் பேச வெளியில போனப்ப, வேணும்னே கதையைத் தப்பாச் சொல்லிப் பார்த்தேன். திருத்தவே இல்ல. 'அப்படியா, ஐயையோ'ன்னு கன்னத்துல கைய வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைச்சா யாராவது விடுவாங்களாப்பா?"

"அப்ப அந்தப் பெருமூச்சு?"

"அது விடலேன்னா அவங்களுக்குச் சந்தேகம் வந்துடுமே!"

மோட்டார் நின்றது. காலடிச் சத்தம் கேட்டது.

"அவங்க வர்றாங்க, சீக்கிரம் கண்ணைத் துடைங்க" என்றாள் மகள். "இந்த வீட்டுல நடிக்கத் தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான்!"