பெயர் வெட்டிய டம்ளர்

சங்கரபாண்டியனின் மகள் இசக்கிப்பிரியா ஆசைப்பட்ட கல்லூரி ஆயிரம் மைல் தள்ளி இருந்தது. அதன் கட்டணத்தை வாய்விட்டுப் படித்தபோது சுவரில் மூன்று பல்லிகள் மயங்கி விழுந்ததை நானே பார்த்தேன். கட்டணமே வேண்டாம் என்று கூப்பிட்ட கல்லூரியோ வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. இங்கே தும்மினால் அங்கே வருகைப்பதிவு போட்டுவிடுவார்கள். "எதிர்த்தாப்புலயே படிக்கட்டும். முடிவு பண்ணியாச்சு" என்றான் பாண்டியன். மகள் மறுத்துப் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்த சத்தத்தில் எங்கள் தெருவில் நாலு நாள் யாரும் தூங்கவில்லை.

ஐந்தாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனான். ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பெயர் வெட்டுகிறவரிடம் நீட்டினான்.

"மக பேரு போடணும். இசக்கிப்பிரியா."

"ஹாஸ்டலுக்கா அண்ணாச்சி?"

"இல்ல. வீட்ல இருந்துதான் காலேஜ் போறா."

"பின்ன பேரு எதுக்கு? வீட்டு டம்ளரை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?"

கடையிலிருந்த அத்தனை குடங்களும் பாண்டியன் வாயையே பார்த்தன.

"நீங்க வெட்டுங்க" என்றான்.

இயந்திரம் கிர்ரென்றது. பெயர் அவ்வளவு நீளம். டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றித் தன் முதல் எழுத்திலேயே வந்து இடித்து நின்றது. அவர் தூசியை ஊதிவிட்டுக் கொடுத்தார்.

"கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கேன் அண்ணாச்சி. ரூம் நம்பர் தெரிஞ்சதும் கொண்டு வாங்க."

பாண்டியன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தான்.