சீராக வந்த வாஷிங் மெஷின்

"பில்லு எங்கம்மா? தம்பி எவ்ளோ நேரம் நிக்கும்?" என்று சுலோசனா மறுபடியும் கேட்டாள். பீரோவுக்குள் தலையை விட்டுத் தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள் மருமகள் அபி. இல்லாத பில் எந்தப் பீரோவில் கிடைக்கும்?

கருவடிக்குப்பத்தில் அந்த வீட்டுக்கு அவள் வாழ வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா கன்னியப்பன் சீராகக் கொடுத்த வாஷிங் மெஷின், முந்தின நாள் காலையில் வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றுபோனது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அபி வாயெடுப்பதற்குள் மாமியாரே கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள். ஃபேன் நின்றாலும் மிக்ஸி புகைந்தாலும் கம்பெனி ஆளைத் தேடாத மனுஷி, இதற்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்றாள்.

"கம்பெனி ஆளே வந்து பாக்கட்டும். உங்கப்பா ஷோரூம்ல வாங்கனதுதானே?"

மண்டபத்தில் அத்தனை பேருக்கு எதிரில் கன்னியப்பன் அப்படித்தான் சொல்லியிருந்தார். மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். நகையும் மண்டபமும் அவரைத் துடைத்துப் போட்டிருந்தன. ஷோரூம் விலைக்கு எங்கே போவார்? ஆன்லைனில் எவனோ ஒருவன் பாதி விலை, கம்பெனி வாரண்டி என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தான். அப்பாவுக்காகப் போனில் பட்டனை அழுத்தியதே அபிதான்.

"பில்லு இல்லன்னா போவுதும்மா. சீரியல் நம்பர் போதும்," என்று கம்பெனியிலிருந்து வந்த கோபிநாத் மெஷினின் பின்பக்கம் போனைக் காட்டினான். அபி பீரோவை மூடிவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து சுலோசனாவின் போன் அடித்தது. மகள் ஹேமலதா. அவளையும் அபியின் கல்யாணம் நடந்த அதே தை மாதத்தில்தான் ரெட்டியார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"பொறுடி. ஆளு வந்திருக்கு. இன்னா சொல்லுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்," என்று பேசிக்கொண்டே சுலோசனா பின்கட்டுக்குப் போனாள்.

மகளுக்கு உடனுக்குடன் சேதி போகிறது என்று நினைத்தபோது அபிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கத்துச் சொந்தமும் அப்பாவின் பெயரை நாறடிக்கப்போகிறது.

கோபிநாத் நிமிர்ந்தான். "மேடம், இது எங்க டீலருங்க யாரும் வித்த பீசே இல்ல. வாரண்டியே காட்டல. ஆன்லைன்ல எவங்கிட்ட வாங்கனீங்க?"

"மெதுவா பேசுங்கண்ணா."

"மெதுவா பேசனா வாரண்டி வந்துடுமா? போர்டு போயிருக்கு. காசு குடுத்துத்தான் மாத்தணும்."

"காசு நான் தனியா குடுத்துடறேன். எங்க அத்த கேட்டா வாரண்டில சேந்துதுன்னு மட்டும் சொல்லிடுங்கண்ணா."

"நல்லா இருக்குதே கதை. என் வேலைக்கு வேட்டு வெக்கப் பாக்குறீங்க."

"எங்கப்பா அப்புறம் இந்த வூட்டு வாசப்படி ஏற மாட்டாருண்ணா. மண்டபத்துல எல்லார் எதிர்லயும் சொன்ன மனுஷன்." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடப் பயமாக இருந்தது. துடைத்தால் சிவக்கும், சிவந்தால் கேள்வி வரும்.

கோபிநாத் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டான். அதற்குள் சுலோசனா வந்து நின்றாள்.

"இன்னா தம்பி? வாரண்டி உண்டா, இல்லயா? பட்டுனு சொல்லு."

அபி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இருக்கும்மா," என்றான் கோபிநாத், மெஷினைப் பார்த்தபடி. "போர்டு போயிருக்கு. கம்பெனி கணக்குலயே மாத்திடலாம். நாளைக்கு எடுத்தாந்து போட்டுடறேன்."

"பில்லு இல்லாமயே?"

"சீரியல் நம்பர் இருக்குதே."

"அப்பிடியா," என்றாள் சுலோசனா. அவள் முகத்தில் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஆனால் கண் மட்டும் கோபிநாத்தை விட்டு நகரவில்லை.

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அபிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது நிலைக்கவில்லை. மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். கேட்டை வெளிப்பக்கமாகச் சாத்தியும் விட்டாள்.

அபி முன்னறை ஜன்னலுக்கு ஓடித் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"உள்ள அவ கெஞ்சனது எல்லாம் என் காதுல வுழுந்துச்சு தம்பி."

வண்டிச் சாவியைத் திருகப்போன கோபிநாத்தின் கை அப்படியே நின்றது. "அம்மா, அந்தப் பொண்ணு அழுதுச்சு. மனசு கேக்கல, அதான் அப்பிடிச் சொல்லிட்டேன். கம்பெனிக்கு எதுவும் சொல்லிடாதீங்க."

அபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிடலாமா, இந்த வீட்டார் அவரைக் கூப்பிட்டுக் கேட்கும்வரை விட்டுவிடலாமா என்று ஒன்றும் ஓடவில்லை. இனி இந்த வீட்டில் குனிந்த தலையோடுதான் காலம் தள்ள வேண்டும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

சுலோசனா தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எம் பொண்ணு வூட்ல நான் குடுத்த மிஷினும் நின்னு கெடக்கு தம்பி, அங்க அவ மாமியார்கிட்டயும் இதே பொய்யச் சொல்லிடு."