நாற்காலி சாரின் வைத்தியம்

"அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்! கிளையன்ட் வர்ற நேரம்!"

பக்கத்து அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"என்னங்க, ஒரு நிமிஷம் இந்த முதுகை..." கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

"அப்புறம் பார்க்கலாம்! வேலை நேரத்துல கதவைத் தட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க."

தெருவில் எல்லாரும் அவரை நாற்காலி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் எப்படி உட்கார வேண்டும், மேஜை எவ்வளவு உயரம், திரை எவ்வளவு தள்ளி என்று கம்ப்யூட்டர் வழியாகவே ஆலோசனை சொல்வது அவர் தொழில். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரர். யாராவது கழுத்தைத் திருப்புகிற விதத்தை வைத்தே, தலையணை சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

அவருடைய அறையைப் பார்க்க வேண்டுமே! பொத்தானைத் தொட்டால் ஏறி இறங்கும் மேஜை. கண் மட்டத்தில் திரை. பாதத்துக்குப் பலகை. நாற்காலியில் தலைக்கு, கைக்கு என்று தனித்தனி மெத்தை. இடுப்புக்கு மட்டும் கடையில் வாங்கியது எதுவும் சரிப்படாமல், மனைவியிடம் அளவு சொல்லி ஒரு குஷன் தைத்து வாங்கிக்கொண்டார். அதையும் பிடிக்கவில்லை என்று ஒரு தடவை பிரித்துத் தைக்க வைத்தார்.

திரையில் கிளையன்ட் வந்துவிட்டார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதுகுவலி' என்று மட்டும் இருந்தது. முகத்தைக் காணோம்.

"வணக்கம். கேமராவைப் போடுங்க. நீங்க உட்கார்ற விதத்தைப் பார்க்கணும்."

திரையின் ஓரத்தில் எழுத்துகள் வந்து விழுந்தன.

'கேமரா, மைக் எதுவும் போட முடியலை சார். நீங்க பேசுங்க, நான் எழுதறேன்.'

கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மாங்களா, ஐயாங்களா?"

'அம்மாதான் சார்.'

"எத்தனை நாளா வலி?"

'ரொம்ப நாளா. நேத்து குனிஞ்சவளுக்கு நிமிர முடியலை. சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். அழுகையே வந்துடுச்சு.'

நாற்காலி சாருக்கு மனசு இளகிவிட்டது. அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கிளையன்ட் யாராவது அழுதால் தாங்கவே மாட்டார்.

"நீங்க உட்கார்ற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா."

வந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு கால் விரிசல் விட்டு, அதைச் சுற்றிக் கயிறு. மேலே மடித்துப் போட்ட பழைய ஜன்னல் திரை.

"அட கடவுளே! இதுலயா? இது ஸ்டூலா, தண்டனையா? இதுல உட்கார்ந்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்? வீட்டுல வேற யாரும் இல்லையா?"

'வீட்டுக்காரர் இருக்கார் சார்.'

"இதை அவர் பார்த்ததே இல்லையா?"

'தினமும் இதைத் தாண்டித்தான் போவார். போன வாரம்கூட கால் இடிச்சுக்கிட்டுத் திட்டிட்டுப் போனார்.'

"ஸ்டூலையா, உங்களையா?"

'ரெண்டு பேரையும்தான்.'

"அவர் எதுல உட்கார்றார்?"

'நல்ல நாற்காலி சார். சாய்ஞ்சா சாயும், சுத்தினா சுத்தும்.'

அவ்வளவுதான். சாருக்கு வந்ததே கோபம்! மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கை பொத்தானில் பட்டு, மேஜை பாட்டுக்கு மேலே ஏற ஆரம்பித்தது. அதைப் பிடித்து இறக்கிக்கொண்டே கத்தினார்.

"என்ன மனுஷன்மா அவர்? கண்ணை எங்க வெச்சுக்கிட்டு நடக்கிறார்? வலிக்குதுன்னு நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

'சொல்லத்தான் போனேன். வேலையா இருந்தார்.'

"ஆமா, பெரிய வெட்டி முறிக்கிற வேலை! பொண்டாட்டி நிமிர முடியாம நிக்கிறா, இவருக்கு வேலை கேக்குதா? இதோ பாருங்கம்மா. டாக்டரையும் போய்ப் பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் சொல்ற வைத்தியத்தைச் செய்யுங்க."

'சொல்லுங்க சார்.'

"இப்பவே போய் அந்த மகாராஜாவை எழுப்பிவிடுங்க. அவர் நாற்காலியில நீங்க உட்காருங்க. இந்த ஸ்டூல்ல அவர் உட்காரட்டும். ஒரு வாரம்! அப்பத்தான் புத்தி வரும்."

திரையின் ஓரத்தில் மறுபடி எழுத்துகள் விழுந்தன.

'அவர் கோவிச்சுக்கிட்டா?'

"கோவிச்சுக்கட்டும்! நாற்காலி சார் சொன்னார்னு சொல்லுங்க. எதிர்த்துப் பேசணும்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க. நான் கவனிச்சுக்கிறேன்."

'ரொம்ப நன்றி சார். இப்பவே செய்யறேன்.'

திரை அணைந்தது. நாற்காலி சார் இடுப்புக் குஷனில் சுகமாகச் சாய்ந்துகொண்டார். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்த திருப்தி. இந்தக் காலத்தில் இப்படியும் புருஷர்கள் இருக்கிறார்களே என்று ஒரு பெருமூச்சு வேறு.

கதவு தட்டப்பட்டது.

"வேலை நேரத்துல தட்டாதேன்னு சொன்னேன்ல!"

கதவு திறந்தது. மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில், காலில் கயிறு சுற்றிய ஸ்டூல்.

"எந்திரிங்க," என்றாள். "எதிர்த்துப் பேசணும்னா நாற்காலி சார்கிட்ட பேசிக்கச் சொல்லியிருக்காங்க."